தோப்பியும் கரும்பீரும்

முன்னுரை

இலக்கிய மணம் கமழும் இம்மலரில் பீர் என்னும் குடிவகையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர் சிலர் வியக்கக்கூடும். ஆயின், கள்ளையும் நறவையும் தேறலையும் ஒதுக்கிவிட்டுச் சங்க இலக்கியத்தைப் பயிலுதல் இயலுமோ? அதியமானை இழந்து அரற்றிய ஔவையார், அவன் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துண்ட பெருமையைச் சொல்லியே அழுதார். பாண்டியன் நன்மாறனை வாழ்த்திய நக்கீரர், யவனர் கலத்தில் வந்த தேறலை மறவாது குறித்தார். அதே தமிழ் மரபில்தான் வள்ளுவப் பெருந்தகை ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரமும் வகுத்தார். குடியை ஆராய்தல் வேறு. குடியைப் போற்றுதல் வேறு. இக்கட்டுரை முன்னதைச் சார்ந்தது; சுவைத்துப் பார்த்து எழுதப்பெற்றதன்று.

அயர்லாந்து என்றவுடன் திருவனந்தபுரத்துத் தமிழர்க்கு நினைவுக்கு வரவேண்டியவர் ஜேம்ஸ் கசின்ஸ் என்னும் கவிஞர். பெல்பாஸ்ட் நகரிற் பிறந்து, 1915-இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர்த் திருவிதாங்கூர் அரசின் கலை ஆலோசகராக விளங்கியவர். இந்நகரின் ஸ்ரீ சித்ராலயம் 1935-இல் உருப்பெறத் துணைநின்றவர். ஆனால் உலகின் பிற பகுதிகளில் அயர்லாந்தின் பெயரைப் பரப்பியது கவிதையைவிட ஒரு கறுப்புக் குடிவகையே எனலாம். ஆங்கிலத்தில் அதனை ‘டிரை ஸ்டௌட்’ என்பர். இலங்கையிலும் மலேசியாவிலும் வாழ்ந்து திரும்பிய நம்மவர் வாய்மொழியில் அது ‘கறுப்பு பீர்’.

அக்கறுப்பு பீரைப் பற்றி இரண்டு கருத்துகள் வேரூன்றியுள்ளன. கறுப்பாக இருப்பதால் அது கடுமையானது என்பது ஒன்று. கறுப்பாக இருப்பதால் அது சத்துள்ளது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் மெய்யா, பிற பீர்களினின்று இது எவ்வாறு வேறுபடுகிறது, தமிழரிடம் இது எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பனவற்றை வரலாற்று நோக்கிற் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முளையின் வேலை

குடிவகைகளை இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். பனை, தென்னை ஆகியவற்றின் பாளைச்சாற்றில் சர்க்கரை இயல்பாகவே உண்டு. அதனாற் கலத்தில் வடிந்த சில மணி நேரத்திலேயே அது தானாகப் புளித்துக் கள்ளாகிறது. தானியத்தின் நிலை அதுவன்று. தானியத்தில் இருப்பது மாச்சத்து. அது சர்க்கரையாக மாறினாலன்றி நொதிக்காது. அம்மாற்றத்தைச் செய்வது முளை. தானியம் முளைவிடும்போது அதனுள் தோன்றும் செரிமப் பொருள்கள் மாச்சத்தை இனிப்பாக மாற்றுகின்றன. முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்த மாவு, முளைகட்டாத மாவைவிட இனிப்பதை நம் இல்லத்தரசியர் அனைவரும் அறிவர்.

இந்நுட்பத்தைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படை சான்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில், வலைஞர் குடியிருப்பில் மது சமைக்கும் முறையைப் படிப்படியாக விளக்குகிறார். அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அகன்ற கலத்தில் ஆற்றுகின்றனர். அதனுடன் ‘நல்லடை’ என்பதைக் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து விளையவிட்டு, பின்னர்ப் பிழிகின்றனர். இந்நல்லடையை நெல்முளையை இடித்தது எனப் பொருள் கொள்வர். முளைகள் பின்னிக் கிடக்கும் அதன் தோற்றத்திற்குப் புற்றினுள் காணும் குரும்பியைப் புலவர் உவமையாக்குகிறார். கண்ணாரக் கண்டவரன்றி இவ்வுவமையைப் பிறர் சொல்ல இயலாது. அதே நூலில் வரும் ‘தோப்பி’யும் இல்லத்திற் சமைத்த நெற்கள்ளேயாகும்.

நெல்லுக்கு மாறாக வாற்கோதுமையை, அதாவது நம் நாட்டு மருந்துக் கடைகளில் பார்லி என்று விற்கும் தானியத்தை முளைக்கவைத்து, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்கவைத்து, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டால் அதுவே பீர். ஹாப்ஸ் பூ கசப்பைத் தருவதோடு விரைவிற் கெடாமலும் காக்கிறது. தோப்பிக்கும் பீருக்கும் அடிப்படை ஒன்றே. வேறுபாடு தானியத்திலும் பூவிலுமே.

சுமை தூக்கியோர் குடி

கறுப்பு பீர் பிறந்த இடம் டப்ளின் அன்று, லண்டன். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் பழுப்பு முளைதானியத்திற் செய்த ஒரு பீர் பரவியது. ஆற்றுத்துறையிலும் கடைவீதியிலும் மூட்டை சுமந்த தொழிலாளர் அதனை விரும்பிக் குடித்தமையின் அதற்குப் ‘போர்ட்டர்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. நம் சாலைக் கடைத்தெருவின் சுமட்டுத் தொழிலாளர் பெயரால் ஒரு பானம் உலகெங்கும் வழங்குவதாக எண்ணிப் பார்த்தால் இதன் சுவை விளங்கும். போர்ட்டர் வகைகளுள் வலுமிக்கது ‘ஸ்டௌட் போர்ட்டர்’ எனப்பட்டது. ஸ்டௌட் என்னும் சொல்லுக்கு இங்கு வலிமையுடையது என்பதே பொருள். நாளடைவில் அடைமொழி நின்றது, பெயர் உதிர்ந்தது.

முதன்முதலாகப் பெருந்தொழிலாக வளர்ந்த பீரும் இதுவே. பெருமரத் தொட்டிகளில் திங்கட்கணக்கில் அதனைத் தேக்கி வைத்தனர். 1814-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் லண்டனில் அத்தகைய தொட்டி ஒன்று வெடித்து, அருகிலிருந்த ஏழை மக்களின் குடியிருப்புகளிற் பீர் வெள்ளம் புகுந்தது. எட்டுப் பேர் மாண்டனர்.

அப்போது இத்தொழிலுக்கு ஒரு சிக்கல் இருந்தது. இனிப்பளவி என்னும் கருவி வந்தபின், பழுப்பு முளைதானியத்தைவிட வெளிர் முளைதானியமே மிகுந்த சர்க்கரை தருகிறது என்பது கணக்கிற் புலனாயிற்று. வெளிர் தானியத்திற்கு மாறினாலோ கறுப்பு நிறம் போய்விடும். நிறத்திற்காகப் பிற பொருள்களைச் சேர்ப்பதையோ சட்டம் தடுத்தது. இந்நிலையில் 1817-இல் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பது போல முளைதானியத்தை உருளையிலிட்டுக் கரிய நிறம் வரும்வரை வறுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். பெரும்பகுதி வெளிர் தானியம், சிறுபகுதி கரிய தானியம் என்னும் இன்றைய ஸ்டௌட்டின் அமைப்பு அன்று பிறந்தது. சட்டமும் வரியும் ஒரு பானத்தின் நிறத்தை வகுத்த வரலாறு இது.

டப்ளினில் ஒரு குத்தகை

1759-ஆம் ஆண்டின் இறுதி நாளில் ஆர்தர் கின்னஸ் என்பவர் டப்ளினில் செயின்ட் ஜேம்ஸ் கேட் என்னுமிடத்தில், பயனின்றிக் கிடந்த ஒரு பீர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். ஆண்டு வாடகை 45 பவுன். குத்தகைக் காலம் 9,000 ஆண்டுகள்! கோப்புகளோடு காலம் கழிக்கும் என்போன்றோர்க்கு இவ்வாவணம் ஒரு வியப்பு. பிற்காலத்தில் நிறுவனமே நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டமையின் அக்குத்தகைக்கு இன்று வேலையில்லை.

முதலில் அவர் செய்தது சாதாரண ஏல் என்னும் பீரே. லண்டனிலிருந்து வந்த போர்ட்டர் டப்ளின் சந்தையைக் கைப்பற்றுவதைக் கண்டு, தாமும் அதனைச் செய்யத் தொடங்கினார். 1795-இல் அயர்லாந்துப் பாராளுமன்றம் பீர்மீதிருந்த வரியை நீக்கியது. 1799-இல் கின்னஸ் ஆலை ஏல் செய்வதை அறவே நிறுத்திப் போர்ட்டரையே தன் தொழிலாகக் கொண்டது. லண்டன் தன் கறுப்பு பீரைப் பின்னர்க் கைவிட்டது. டப்ளினும் கார்க் நகரும் அதனைத் தமதாக்கிக் கொண்டன. கார்க் நகரில் 1792-இல் பீமிஷ் – கிராபோர்ட் ஆலையும், 1856-இல் மர்பி ஆலையும் எழுந்தன.

கின்னஸின் வணிகக் குறி அயர்லாந்தின் பழைய நரம்பிசைக் கருவி. 1876-இல் பதிவு செய்யப்பெற்றது. 1922-இல் தோன்றிய அயர்லாந்துச் சுதந்திர அரசும் அதே கருவியைத் தன் சின்னமாக ஏற்க விரும்பியபோது, வணிகக் குறி ஏற்கெனவே இருந்தமையின், அரசு அதனை எதிர்ப்புறமாகத் திருப்பி அமைத்துக்கொண்டது. அக்கருவி நம் யாழின் இனம் என்பதை, 1947-இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூலைப் பயின்றோர் எளிதில் உணர்வர். ஒரு நாட்டினர் தம் யாழை அரசுச் சின்னமாகவும் புட்டியின் குறியாகவும் காத்துவைத்தனர். நாமோ நம் யாழை ஏட்டில் மட்டுமே காண்கின்றோம்.

வேறுபாடுகள்

இனி, இது பிற பீர்களினின்று வேறுபடும் முறையைக் காண்போம்.

முதலாவது ஈஸ்ட். இன்று இந்தியாவில் பெரிதும் விற்பனையாவது லாகர் என்னும் வெளிர் பீர். குளிர்ந்த நிலையில் மெல்ல நொதித்துப் பின்னரும் சில வாரங்கள் குளிரில் வைக்கப்பெறுவது அது. 1842-இல் பொகீமியாவின் பில்சன் நகரில் வெளிர் பொன்னிற லாகர் தோன்றி, குளிர்சாதனப் பொறி வந்தபின் உலகை ஆண்டது. ஸ்டௌட்டோ மிதமான வெப்பத்தில் விரைந்து நொதிக்கும் ஏல் குடும்பத்தைச் சார்ந்தது.

இரண்டாவது வறுத்த தானியம். அயர்லாந்து ஸ்டௌட்டில் சேர்வது முளைகட்டாமலே கருக வறுத்த பார்லி. மொத்தத் தானியத்தில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. அச்சிறு பங்கே நிறம் முழுவதையும், காப்பியை ஒத்த மணத்தையும் கசப்பையும் தருகிறது. முளைதானியத்தின் மீதான வரியை ஏய்ப்பதற்காகவே கின்னஸ் முன்னோர் முளைகட்டாத பார்லியைப் புகுத்தினர் என்று ஒரு கதை வழங்குகிறது. அது பொருந்தாது. 1880 வரை முளைகட்டாத தானியத்தைப் பயன்படுத்துவதையே சட்டம் தடுத்திருந்தது. அவ்வாண்டில் வரி முளைதானியத்தினின்று பீருக்கு மாற்றப்பெற்ற பின்னரே அவ்வழி திறந்தது.

மூன்றாவது ‘டிரை’ என்னும் அடைமொழி. நீர்மப் பொருள் எவ்வாறு ‘உலர்ந்தது’ ஆகும் என்னும் ஐயம் இயல்பே. இனிப்பு எஞ்சாமல் நொதித்துவிட்டது என்பதே இதன் பொருள். சர்க்கரை சேர்க்காத கடுங்காப்பி நாவில் விட்டுச்செல்லும் துவர்ப்பை எண்ணிக்கொள்ளலாம். எல்லா ஸ்டௌட்டும் இத்தன்மைத்தன்று. பால் சர்க்கரை சேர்த்த இனிப்பு ஸ்டௌட் உண்டு. ஓட்ஸ் சேர்த்தது உண்டு. ரஷ்ய அரசவைக்கென ஆங்கிலேயர் செய்த மிகக் கடுமையான வகையும் உண்டு. அயர்லாந்து வகையின் தனித்தன்மை இனிப்பின்மையே.

நான்காவது நுரை. சாதாரண பீரில் கரியமிலவாயு பெருங்குமிழிகளாக எழுந்து விரைவில் அடங்கும். 1959-இல் கின்னஸ் ஆலையில் மைக்கேல் ஆஷ் என்னும் கணித அறிஞர், நைட்ரஜனையும் கலந்து பீரை வார்க்கும் முறையை வகுத்தார். நைட்ரஜன் நீரில் எளிதிற் கரையாதாகலின் குமிழிகள் நுண்ணியனவாகி, வெண்ணெய் போன்ற நுரை நெடுநேரம் நிற்கிறது. நம் வீட்டில் காப்பியை உயரத்தூக்கி ஆற்றும்போது எழும் நுரையும் இதற்கு உறவுடையதே. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் அன்றோ!

ஐந்தாவது கடுமை. இங்குதான் முதற் கருத்து பொய்யாகிறது. வார்ப்புக் கின்னஸில் சாராயச் சத்து 4.2 விழுக்காடே. சாதாரண லாகரில் அது 5 விழுக்காட்டை ஒட்டியது. இந்தியாவில் ‘ஸ்ட்ராங்’ என விற்கும் பொன்னிற பீர்களில் 8 விழுக்காடு வரை செல்லும். நிறம் வறுவலின் அடையாளமேயன்றி வலிமையின் அளவுகோல் அன்று.

‘மாணவர்’ ஒருவர்

அவ்வாலையின் வரலாற்றில் எழுத்தர் உலகம் அறியவேண்டிய ஒரு செய்தி உண்டு. 1899-இல் வில்லியம் சீலி காஸெட் என்னும் இளைஞர் அங்குப் பணியில் அமர்ந்தார். பார்லியும் ஹாப்ஸும் விளைநிலத்திற்கு விளைநிலம் வேறுபடும். சோதனை செய்யக் கிடைப்பதோ சில மாதிரிகளே. சில மாதிரிகளைக் கொண்டு முழுமையைப் பற்றி எவ்வளவு உறுதியாகக் கூறலாம் என்னும் வினாவுக்கு அவர் 1908-இல் விடை கண்டார். பணியாளர் தம் பெயரில் ஆய்வை வெளியிட நிறுவனம் இசையாமையின் ‘ஸ்டூடன்ட்’, அதாவது மாணவர் என்னும் புனைபெயரில் அக்கட்டுரை வெளிவந்தது. இன்றும் புள்ளியியல் பயிலும் ஒவ்வொருவரும் ‘ஸ்டூடன்ட் டி சோதனை’யைக் கற்கின்றனர், அதனைத் தந்தவர் ஒரு பீர் ஆலையின் ஊழியர் என்பதை அறிந்தோர் சிலரே.

கடல் கடந்த கறுப்பு

நீண்ட கடற்பயணத்தில் கெடாதிருக்க, ஹாப்ஸும் வலிமையும் கூட்டிய ஒரு போர்ட்டரை 1801-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கென டப்ளின் ஆலை வகுத்தது. அதுவே வெப்ப நாடுகளில் விற்கும் இன்றைய ஏற்றுமதி ஸ்டௌட்டின் முன்னோடி. நம் நாட்டிற்கும் கப்பல்களிற் பீர் வந்தது. அதிகாரிகள் விரும்பியது வெளிர் ஏல். சாதாரணப் படைவீரர் பெரிதும் குடித்தது போர்ட்டர். பீரைத் தெளிவாக்க உதவும் மீனின் காற்றுப்பையோ இங்கிருந்து அங்குச் சென்றது. இந்தியக் கடற்கரைகளில் அதனைச் சேகரிப்பது குறித்து 1842-இலேயே ராயில் என்பவர் நூல் எழுதியுள்ளார்.

பின்னர் இங்கேயே ஆலைகள் எழுந்தன. குளிர்சாதனம் இல்லாத காலமாதலின் அவை மலையேறின. இமயமலைச் சாரலில் கசௌலியும் மரியும், நீலகிரியில் உதகையும், இலங்கையில் நுவரெலியாவும் இவ்வாறே பீர் சமைக்கும் இடங்களாயின. 1915-இல் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை ஒன்றிணைத்துத் தாமஸ் லீஷ்மன் என்பவர் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1947-இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநரானார்.

இவற்றுள் நம் பொருளுக்கு நெருங்கியது நுவரெலியா. 1849-இல் அங்குப் பீர் சமைக்கத் தொடங்கியவர், பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர். அத்தொடர்ச்சியில் வளர்ந்ததே சிங்க முத்திரை ஸ்டௌட். ஆலை பின்னர்க் கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு மாறியது. ஈண்டு ஒன்றை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். சிங்க முத்திரை, அயர்லாந்து வகையன்று, இனிப்பு எஞ்சியது, சாராயச் சத்தும் 8 விழுக்காட்டுக்கு மேற்பட்டது. வல்லுநர் இதனை வெப்பநாட்டு ஸ்டௌட் எனத் தனிவகையாகக் கொள்வர். கறுப்பு பீர் கடுமையானது என்னும் நம்மவர் கருத்து டப்ளின் புட்டிக்குப் பொருந்தாவிடினும், நுவரெலியாப் புட்டிக்குப் பொருந்துவதே. ஒரே நிறம், ஒரே பெயர், இரண்டு பானங்கள்.

மலேயாவிலும் கின்னஸ் புட்டிகள் கப்பலேறி வந்தன. 1965-இல் சுங்கை வேயில் அதற்கெனத் தனி ஆலை அமைந்தது. தோட்டத் தமிழரின் குடி அதுவன்று. தோட்ட நிர்வாகத்தின் கள்ளுக்கடையே அவர்தம் கூலியை விழுங்கியது. 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. கூலி உயர்வு கேட்ட அதே வாயால் கடையை மூடச்சொன்ன அம்மக்களின் தெளிவு போற்றத்தக்கது.

சத்து என்னும் நம்பிக்கை

இனி இரண்டாவது கருத்து. 1929-இல் கின்னஸ் நிறுவனம் தன் முதற் பெரும் விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. இப்பானம் உங்கள் உடலுக்கு நல்லது என்பதே அதன் சாரம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நோயாளிகளுக்கும் பிள்ளை பெற்ற தாய்மார்க்கும் இதனை அளித்த காலம் உண்டு. அந்நம்பிக்கை கடல் கடந்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடல் தேற ஸ்டௌட் குடிக்கும் வழக்கமாகப் பரவியது. காய்ச்சலுக்குப் பார்லிக் கஞ்சி குடித்துப் பழகிய நமக்குப் பார்லியிற் செய்த பானமும் மருந்தாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

உண்மை யாது? ஒரு பைன்ட், அதாவது 568 மில்லிலிட்டர் கின்னஸில் உள்ள இரும்புச்சத்து ஏறத்தாழ 0.3 மில்லிகிராம். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை அதனைவிட மிகுதியாகத் தரும். கறுப்பு நிறம் இரும்பின் நிறமன்று; வறுத்த தானியத்தின் நிறம். சாராயமோ தாய்ப்பாலிற் கலந்து சேயைச் சென்றடையும். கருவுற்ற நிலையில் கருவுக்கே தீங்கு செய்யும். விளம்பரம் வணிகருக்கு உரியது. அதனை மருத்துவமாக ஏற்றுக்கொண்டது நம் பிழை. பேறுகாலத்துப் பெண்ணுக்குத் தரவேண்டிய பாலையும் கீரையையும் விட்டு, குடும்பப் பணத்தை ஒரு புட்டிக்குச் செலவிட்ட வீடுகள் எத்தனையோ!

முடிவுரை

ஸ்டௌட்டின் நாடே மதுவொழிப்பின் நாடுமாகும். 1838-இல் கார்க் நகரில் தியோபால்ட் மாத்யூ என்னும் பாதிரியார் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் உறுதிமொழி ஏற்றனர். இங்கு ஸ்ரீ நாராயண குரு, தம் சமுதாயத்தாரில் பலருக்குக் கள்ளே பிழைப்பாக இருந்தும், மதுவைச் செய்யலாகாது, கொடுக்கலாகாது, குடிக்கலாகாது என 1921-இல் அறிவுறுத்தினார். 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். ஔவையாரையும் வள்ளுவரையும் ஒருங்கே பெற்ற தமிழ்போல, எல்லா நாடுகளும் இவ்விரு குரல்களையும் பெற்றே இருக்கின்றன.

ஆயின் ஒன்று. உருத்திரங்கண்ணனார் வலைஞர் வீட்டுச் சாடியருகே நின்று, எத்தனை பகல், எத்தனை இரவு என்று எண்ணிப் பாடினார். அவ்வளவு கூர்மையாகக் கண்ட மரபினர் நாம். கறுப்பைக் கண்டு கடுமை என்றும், கறுப்பைக் கண்டு சத்து என்றும், காணாமலே முடிவு கட்டுவது அம்மரபுக்கு ஏற்றதன்று. புட்டியைத் திறப்பதும் விடுப்பதும் அவரவர் அறத்தைப் பொறுத்தது. அதன்மேல் ஒட்டிய சீட்டைப் படித்தறிவதோ அனைவர்க்கும் கடன்.